மின்சாரச் சிக்கன கேம்கள்: பையன்களும் பொண்ணுங்களும் ஒரே மாதிரிதான் கற்றுக்கொள்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் லேபுக்கு அழைத்துப்போய், வீட்டு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது பற்றிய கேம்களை ஆட வைப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். பெற்றோர் கூட்டம், ஆசிரியர் அறை, பஸ் ஸ்டாப் என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதில் பாதிக்கு மேல் "பையன்களா, பொண்ணுங்களா" என்பதில் வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"கேம்னா பொழுதுபோக்குதானே டீச்சர்? அதுல கரண்டு மிச்சம் பிடிக்கிறதை என்னத்தைக் கத்துக்குவாங்க?"

பெரும்பாலான கேம்களின் அமைப்பு ஒன்றுதான். திரையில் ஒரு வீடு. முன்சுவரை எடுத்துவிட்டது போல எல்லா அறைகளும் தெரியும். வீட்டு ஆட்கள் அறைக்கு அறை நடப்பார்கள். போகிற இடத்தில் எல்லாம் லைட்டையும் ஃபேனையும் டிவியையும் போட்டுவிட்டு அப்படியே அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். ஆடுபவர் பின்னாலேயே போய் அணைக்க வேண்டும். ஆனால் ஆள் இருக்கும் அறையை இருட்டாக்கினால் புள்ளி குறையும். சேர்த்த புள்ளியில் பழைய ஃபிரிட்ஜை மாற்றலாம், எல்இடி பல்பு வாங்கலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'பவர் ஹவுஸ்' ஏறத்தாழ இந்த வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் செய்த 'எனர்ஜி கேட்' கேமில் ஆடுபவர்தான் அந்த வீட்டுப் பூனை.

இதில் படிப்பு எங்கே இருக்கிறது என்றால், திரையில் ஓடும் மீட்டரில். நம் வீட்டில் சுவிட்சைப் போட்டதற்கும் இபி பில் வருவதற்கும் நடுவே இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. எதனால் ஏறியது என்பது அதற்குள் மறந்துபோகும். கேமில் சுவிட்சைத் தொட்ட நொடியே மீட்டரின் வேகம் மாறுகிறது. செய்ததும் அதன் விளைவும் அடுத்தடுத்து வந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

"யூனிட்டுன்னா என்னன்னே என் பொண்ணுக்குத் தெரியாது. முதல்ல அதைச் சொல்லித்தர வேண்டாமா?"

ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இதைப் போர்டில் எழுதினால் எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் நான் முதலில் ஒரு சுற்று ஆட விடுவேன், அப்புறம்தான் கணக்கு. அதற்குள் அவர்களுக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும்: மிக்ஸிதானே பெரிய சத்தம் போடுகிறது, சத்தமே இல்லாத ஃபேன் எப்படி அதைவிட அதிகம் தின்கிறது?

கணக்கு இதோ. 750 வாட் மிக்ஸி நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் 0.125 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வாட்டில் பத்தில் ஒன்றாக இருக்கும் பொருள் யூனிட்டில் ஏறத்தாழ பத்து மடங்காக நிற்கிறது. அதே ஃபேன், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகையான 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக இருந்தால் 29 யூனிட்டுக்குள் முடியும். வாட்டை மட்டும் பார்க்காதே, நேரத்தையும் பார் என்பதை இந்தக் கேம்கள் நன்றாகவே சொல்லித்தருகின்றன. நேரம் என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

"பசங்கதான் இதுல முதல்ல வர்றாங்களாமே?"

கேமின் ஸ்கோரில் பல சமயம் அப்படித்தான். கற்றுக்கொண்டதில் அப்படி இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது புரிந்தால் இந்தப் பக்கத்தில் பாதி புரிந்த மாதிரி.

கிரீஸ் நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 88 பேரிடம் மரினா பாபாஸ்டெர்யூ செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. பாடம் மின்சாரம் அல்ல, கம்ப்யூட்டர் மெமரி. ஆனால் கேள்வி நம் கேள்விதான். பையன்களுக்கு கேம் பழக்கம் அதிகம், விருப்பமும் அதிகம், தொடக்கத்தில் பாட அறிவும் கொஞ்சம் அதிகம். அப்படியிருந்தும் கேம் மூலம் புதிதாகக் கற்ற அளவில் பையன்களுக்கும் பெண்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் பொறியியல் மாணவர்களிடம் கார் பந்தய கேம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. பந்தயக் கார் கேம் என்றால் ஆண்களுக்குத்தான் ஒத்துவரும் என்று நாம் நினைப்போம். அங்கேயும் பெண்கள் ஆண்கள் அளவுக்கே கற்றிருந்தார்கள்.

"கத்துக்கிறது சமம்னா, எங்க பொண்ணு ஸ்கோர் மட்டும் ஏன் குறையுது?"

ஸ்கோரில் பாதி, விரல் வேகம். ஆள் நகர்ந்ததும் சட்டென்று போய் அணைக்க வேண்டும், ஒரே சமயம் நாலு அறையைக் கவனிக்க வேண்டும், நேரம் கீழே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் தினமும் மொபைல் கேம் ஆடுகிறவனுக்கு இது பழகிய வேலை. சனிக்கிழமை மட்டும் அம்மாவின் போன் கைக்கு வரும் பெண்ணுக்குப் புதிது. ஃபேனைவிட ஃபிரிட்ஜை முதலில் மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாளே, அந்த யோசனைக்கு ஸ்கோரில் இடம் இல்லை.

இந்தப் பழக்கம் பிறவியில் வருவதல்ல. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஒரு சோதனை நடந்தது. கேம் பழக்கம் இல்லாதவர்களுக்குப் பத்து மணி நேரம் ஆக்‌ஷன் கேம் பயிற்சி கொடுத்தார்கள். பல இடங்களை ஒரே பார்வையில் கவனிக்கும் திறனில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி ஏறத்தாழ மறைந்தே போனது. பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் திறனிலும் இடைவெளி சுருங்கியது. பயிற்சியில் அதிகம் முன்னேறியவர்கள் பெண்கள். சில மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றிருந்தது. வெறும் பத்து மணி நேரம். நம் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து மணி நேரம் கிடைக்கிறதா என்றுதான் நான் கேட்பேன்.

கிடைப்பதில்லை என்பதற்கு நாட்டுக் கணக்கே இருக்கிறது. 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தானே பயன்படுத்தும் மொபைல் போன் உள்ள பெண்கள் 54 சதவீதம். ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். இது 15 முதல் 49 வயதுக்காரர்கள் கணக்கு. அம்மாவிடமே போன் இல்லாத வீட்டில் மகளுக்கு எங்கிருந்து கேம் பழக்கம் வரும்?

"மிஸ், எனக்கு மவுஸே கிடைக்கலை."

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது. நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மவுஸ் எப்படியோ ஒரு பையன் கைக்குப் போய்விடும். பக்கத்தில் இருக்கும் பெண் "அந்த லைட், அந்த லைட்" என்று விரல் நீட்டுவாள், இல்லையென்றால் நோட்டில் குறிப்பு எழுதுவாள். வகுப்பு முடிந்ததும் அவனுக்கு ஆடிய அனுபவம், அவளுக்கு அழகான நோட்டு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. "உனக்கு வராது, தா" என்ற ஒரு வார்த்தை போதும்.

இதற்கு நான் கண்ட வழி எளிது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிப்பேன், மவுஸ் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். மவுஸ் பிடிக்காதவர் வாய் மட்டும் திறக்கலாம், கை நீட்டக் கூடாது. குறிப்பு எழுதும் வேலையும் சுற்றி வரும். முதல் வாரம் சண்டை வந்தது. மூன்றாம் வாரம் பழகிவிட்டது. பெண்களின் ஸ்கோர் ஏறியதற்கு நான் வேறு எதுவும் செய்யவில்லை.

"என் பையனுக்கு கிரைண்டர் எவ்வளவு நேரம் ஓடும்னுகூடத் தெரியாது. கேம்ல மட்டும் எப்படி ஜெயிக்கிறான்?"

இந்த அம்மாவின் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பதில், கேமில் கிரைண்டர் இல்லை. நான் பயன்படுத்திய கேம்களில் லைட், டிவி, கம்ப்யூட்டர், ஹீட்டர், வாஷிங் மெஷின் இருக்கும். இட்லி மாவு ஆட்டும் வேலை இருக்காது.

ஒருமுறை கேமுக்கு முன்பே ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் எந்தப் பொருள் நாளுக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எழுதச் சொன்னேன். மாணவிகள் தாளில் சமையலறை நிரம்பியிருந்தது: கிரைண்டர் முக்கால் மணி, மிக்ஸி மூன்று தடவை, தண்ணி மோட்டார் காலையில் இருபது நிமிடம், அயர்ன் பாக்ஸ் ஞாயிற்றுக்கிழமை. பையன்கள் தாளில் டிவி, வைஃபை, இன்வெர்ட்டர், போன் சார்ஜர். எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அம்மா வேலைக்குப் போவதால் தானே சமைக்கும் பையன் ஒருவன், கிரைண்டர் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதியிருந்தான். யார் எந்த வேலை செய்கிறார்களோ அந்தப் பொருள் அவர்களுக்குத் தெரிகிறது. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்ட நேரம் 289 நிமிடம், ஆண்கள் செலவிட்டது 88 நிமிடம். பிள்ளைகளின் தாளில் நான் பார்த்தது அந்த இடைவெளியின் நிழல்.

அப்போதிருந்து இரண்டு தாளையும் சேர்த்து வைத்துத்தான் விளையாட்டைத் தொடங்குகிறேன். அப்போதுதான் ஒரு முழு வீடு கிடைக்கிறது.

"போட்டி வெச்சாதானே ஆர்வம் வரும்? முதல் மூணு பேர் பேரை போர்டுல எழுதலாமே?"

முதல் வருடம் எழுதினேன். இரண்டே வாரத்தில், கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி "தலைவலி மிஸ்" என்று லேபுக்கு வருவதை நிறுத்தினாள். அவள் பெயர் கடைசிக்கு அருகில் இருந்தது. மேலே சொன்ன காரணம்தான்: மதிப்பெண் போனது விரல் வேகத்துக்கு, வருத்தப்பட்டதோ விஷயம் தெரிந்த பிள்ளை. அதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

போட்டியை விரும்புவதில் ஆண்-பெண் வித்தியாசம் உண்டா என்று பொருளாதார அறிஞர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2007-ல் வந்த ஒரு சோதனையில், கூட்டல் கணக்கில் சமமாகச் செய்த ஆண்களில் 73 சதவீதம் பேர் போட்டிப் பரிசு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 35 சதவீதம் பேர். சரி, பெண் என்றால் போட்டி பிடிக்காது என்று முடிவு கட்டிவிடலாமா? 2009-ல் இன்னொரு ஆய்வு வந்தது. தான்சானியாவின் மசாய் மக்களிடமும் நம் மேகாலயாவின் காசி மக்களிடமும் ஒரே விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். மசாய் மக்களில் ஆண்கள்தான் அதிகம் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். காசி மக்களிடம் சொத்தும் குடிப்பெயரும் தாய் வழியில் வரும். அங்கே ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் போட்டிக்கு வந்தார்கள். வளர்க்கும் விதத்தில் இருக்கிறது விஷயம்.

போட்டி இல்லாமலும் மின்சாரம் மிச்சமாகும். ஸ்விட்சர்லாந்தில் 2016-ல் இரண்டு ஊர்களில் நடந்த 'சோஷியல் பவர்' திட்டத்தில் ஒரு வகைக் குழு எதிர்க்குழுவுடன் போட்டியிட்டது, இன்னொரு வகைக் குழு பொதுவான இலக்கை நோக்கிச் சேர்ந்து உழைத்தது. ஆடிய மாதங்களில் இரண்டு வகையிலும் மின்செலவு குறைந்தது. எனவே நான் இப்போது வகுப்பு முழுவதற்கும் ஒரே இலக்கு வைக்கிறேன்.

"பொண்ணுங்களுக்குன்னு தனியா கேம் இருக்கா?"

வேண்டாம். ரோஜா நிற வீடும் சமையலறையில் நிற்கும் பெண் பொம்மையும் வைத்தால், மின்சாரம் ஆண்கள் விஷயம், அதில் பெண்களுக்கு ஒரு மூலை என்று சொன்னது போல ஆகும். பூனையாக ஆடுவது இந்த வகையில் எனக்குப் பிடித்திருக்கிறது. பூனைக்கு யாரும் "நீ பையனா, பொண்ணா" என்று வேலை பிரித்துக் கொடுப்பதில்லை.

"கேம் ஆடி டெஸ்ட்ல நல்ல மார்க் வாங்கிட்டான். வீட்ல ஃபேன் சும்மா ஓடிட்டுத்தான் இருக்கு. என்ன பிரயோஜனம்?"

தெரிந்துகொள்வதும் செய்வதும் ஒன்றல்ல. நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2011-ல் வந்தது. எரிசக்தி பற்றிய அறிவு, அக்கறை, பழக்கம் மூன்றையும் தனித்தனியாக அளந்தார்கள். பழக்கத்தோடு நெருங்கி நின்றது அறிவு அல்ல, அக்கறை. "இது என் பொறுப்பு, நான் செய்தால் மாறும்" என்று நினைக்கும் பிள்ளை, வாட் கணக்கு தப்பாகச் சொன்னாலும் சுவிட்சை அணைக்கிறது.

அதற்காக கேம் வீண் என்று ஆகாது. 'பவர் ஹவுஸ்' சோதனையில் அரை மணி நேரம் ஆடியவர்கள், ஆட்டம் முடிந்து நிஜ அறையை விட்டுக் கிளம்பும்போது மற்றவர்களைவிட அதிகப் பொருள்களை அணைத்துவிட்டுப் போனார்கள். விரலில் வந்த பழக்கம் கைக்கும் வருகிறது. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் 'எனர்ஜி கேட்' கேமைக் கொடுத்துப் பார்த்தபோது மின்சாரத்தில் சராசரியாக மூன்று, நான்கு சதவீதம் மிச்சமானது. பெரிய எண் இல்லைதான், ஆனால் கேம் ஒன்றால் மட்டும் வந்த எண்.

"கேம் நிறுத்தினதும் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுதே டீச்சர்?"

ஆகும். மேலே சொன்ன ஸ்விட்சர்லாந்துத் திட்டத்திலேயே, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆடிய வீடுகளுக்கும் ஆடாத வீடுகளுக்கும் வித்தியாசம் நிற்கவில்லை.

நான் கேமை ஆறு வாரத்தோடு நிறுத்திவிட்டு மீட்டர் நோட்டுக்கு மாறுவேன். ஞாயிறு காலை வீட்டு மீட்டரைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும், போன வார எண்ணைக் கழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எகிறும் என்பதும் எல்லா வீட்டுக்கும் தெரியும். வாரக் கழித்தலில் 55, 60 என்று வந்தால் 500-ஐ நெருங்குகிறோம் என்று பிள்ளையே சொல்லிவிடும். இந்த நோட்டை மாணவிகள் கூடுதலாகத் தொடர்கிறார்கள் என்பது என் வகுப்பில் பார்த்தது. அதற்குப் பெருமைப்படுவதா, கணக்கெழுதுவதும் அவர்கள் தலையில் விழுகிறதே என்று கவலைப்படுவதா என்று எனக்கு இரண்டும் உண்டு.

"ஏசியை 26-ல வைங்கப்பான்னு எம் பொண்ணு சொல்லுது. வீட்ல யாரு கேக்குறா?"

அவள் சொன்னது சரி. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் ஏசி மின்செலவில் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை பெறும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது.

ஆனால் ரிமோட் யார் கையில்? கேமில் ஆடுபவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் பதினாலு வயதுப் பெண்ணுக்கு அந்த அதிகாரம் இல்லை. புது ஃபேன் வாங்குவது, பழைய ஃபிரிட்ஜை மாற்றுவது எல்லாம் பல வீடுகளில் அப்பாவின் முடிவு. அதனால் "கற்றுக்கொண்டதைச் செய்தாயா" என்று மாணவியிடம் கேட்கும்போது, செய்யும் உரிமை அவளிடம் இருந்ததா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பையனுக்கும் முழு உரிமை இல்லை. ஆனால் "கடைக்குப் போறேன், நீயும் வா, எந்த ஃபேன் நல்லதுன்னு சொல்லு" என்று அப்பா அழைப்பது பெரும்பாலும் அவனைத்தான். அப்பாக்களே, அடுத்த தடவை மகளையும் அழைத்துப்போங்கள். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணை அவள் உங்களுக்குப் படித்துச் சொல்வாள்.

"கேம் சொல்ற மாதிரி செஞ்சா வீட்டு வேலை எனக்குத்தானே டீச்சர் கூடுது?"

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து இதைக் கேட்டார். "மெஷினை நிறுத்து, கையால துவை, மிக்ஸி வேண்டாம், அம்மில அரை, ராத்திரி பத்து மணிக்கு மேல துணி போடுன்னு பொண்ணு வந்து சொல்றா. யாரு துவைக்கிறது, யாரு முழிச்சிருக்கிறது?" கூட்டம் அமைதியாகிவிட்டது. இத்தனை நாள் நான் நடத்திய வகுப்பில் விட்டுப்போனது என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் முறைகளால் வீட்டுப் பெண்களின் வேலைச்சுமை கூடுவதை 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். லண்டனில் வருமானம் குறைந்த வீடுகளில், மின்சாரம் மலிவான நேரத்துக்கு வேலையை மாற்றிப் பார்க்கச் சொன்ன ஒரு சோதனையை சார்லட் ஜான்சன் ஆராய்ந்தார். நேரம் மாறியது பெரும்பாலும் துணி துவைப்பது போன்ற வேலை, மாற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆஸ்திரேலியாவின் யோலாண்ட் ஸ்ட்ரெங்கர்ஸ் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். இப்படிப்பட்ட கருவிகளை வடிவமைப்பவர்கள் மனத்தில் இருக்கும் வீட்டுக்காரர், வரைபடத்தையும் எண்ணையும் பார்த்து முடிவெடுக்கும் ஓர் ஆண். அழுக்குத் துணியும் அழும் குழந்தையும் அந்தப் படத்தில் இல்லை.

அதனால் இப்போது வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். மிச்சம் பிடிக்க ஒரு யோசனை சொல்கிறவர், அதை யார் செய்வார், எத்தனை நிமிடம் ஆகும் என்றும் சொல்ல வேண்டும். "அம்மா செய்வாங்க" என்று முடிந்தால் அந்த யோசனையை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. "நான் செய்வேன்" என்றால் போகலாம்.

"வெளிநாட்டு கேம்ல ரூம் ஹீட்டரைக் குறைன்னு வருது. நமக்கு எதுக்கு?"

நமக்குப் பொருந்தாதுதான். குளிர் நாட்டு வீட்டில் சூடாக்குவதுதான் பெரிய செலவு, நமக்கு ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி. பாதியிலேயே கேமை நிறுத்தி "இதே இடத்தில் நம் வீட்டில் என்ன இருக்கும்?" என்று கேட்பேன். ஹீட்டருக்குப் பதில் குளியலறை கீசர், பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பதில் தண்ணி மோட்டார் என்று பிள்ளைகள் மாற்றுவார்கள். இந்த இடத்தில் மாணவிகள் வேகம் கூடிவிடும். வீட்டை அவர்கள் தாளில் பார்த்தோமே, அதுதான் காரணம்.

"கேம் ஆடுறதே கரண்டு தின்னாதா?"

கொஞ்சம்தான். போனைத் தினமும் முழுதாக சார்ஜ் செய்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை யூனிட். லேபில் உள்ள கம்ப்யூட்டர் ஒரு வகுப்பு நேரத்தில் பத்தில் ஒரு பங்கு யூனிட் எடுக்கும்.

"பி.எட். புராஜெக்ட்டுக்கு ஆண்-பெண் வித்தியாசத்தை அளக்கணும் மேடம். ஸ்கோர் ஷீட் தர்றீங்களா?"

ஸ்கோர் ஷீட்டை வைத்து அளக்காதீர்கள், அது எதை அளக்கிறது என்று மேலே எழுதிவிட்டேன். கேமுக்கு முன் ஒரு எழுத்துத் தேர்வு, பின் ஒரு தேர்வு, இரண்டுக்கும் உள்ள ஏற்றம்தான் கற்றது. ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேம் ஆடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பழக்கத்தின் வித்தியாசம் பாலின வித்தியாசம் போல வேடம் போட்டுக்கொண்டு வரும். லேபில் மவுஸ் யார் கையில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதையும் குறியுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு தேர்வு வையுங்கள்.

இன்னொன்று. ஒரு வகுப்பில் பதினைந்து பையன், பதினைந்து பெண் என்றால், இரண்டு பேர் அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்தாலே சராசரி மாறிவிடும். சராசரியில் ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசம் வந்தால் உடனே முடிவு எழுதாதீர்கள். எல்லா மதிப்பெண்ணையும் புள்ளிகளாக ஒரு தாளில் வையுங்கள். பையன்களின் புள்ளிகளும் பெண்களின் புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கும். பையன்களுக்குள் இருக்கும் வித்தியாசம், பையனுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருப்பதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

"மிஸ், அம்மா வேலைக்கும் ஒரு மீட்டர் வெச்சா எப்படி ஓடும்?"

அந்தப் பெற்றோர் கூட்டத்துக்கு அடுத்த வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. நான் பார்த்த கேம்களில் அப்படி ஒரு மீட்டர் இல்லை. ஃபேன் ஓடும் நேரத்தை எண்ணுகிறார்கள், ஆள் ஓடும் நேரத்தை எண்ணுவதில்லை. அதனால் நாங்களே சார்ட் பேப்பரில் ஒன்று போட்டோம். ஒரு பக்கம் இரண்டு மாதத்தில் மிச்சமாகும் யூனிட், இன்னொரு பக்கம் அதற்காகச் செலவாகும் நிமிடம்.

வாஷிங் மெஷினை நிறுத்திக் கையால் துவைப்பது: தடவைக்கு கால் யூனிட் மிச்சம், ஒரு மணி நேர வேலை. மிக்ஸியை விட்டு அம்மியில் அரைப்பது: அதிகபட்சம் ஏழரை யூனிட், நிமிடத்தை எழுதக் கட்டம் போதவில்லை. பழைய ஃபேனை பிஎல்டிசி ஃபேனாக மாற்றுவது: 43 யூனிட் மிச்சம், மாட்டிய பிறகு ஒரு நிமிடமும் இல்லை. டிவி பார்க்காத நேரத்தில் செட்டாப் பாக்ஸை சுவரிலேயே அணைப்பது: பத்து வாட், இருபது மணி நேரம் என்று வைத்தால் 12 யூனிட், நாளுக்கு அரை நிமிடம். எழுதி முடித்தபோது பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள், பெரிய மிச்சம் எதற்கும் அம்மாவின் நிமிடம் தேவைப்படவில்லை.

செட்டாப் பாக்ஸ் வரியில் 'யார் செய்வார்' என்ற கட்டத்தில் அந்தப் பையன் தன் பெயரை எழுதினான். ஃபேன் வரியில் அப்பா என்று எழுதி, பக்கத்தில் "தங்கச்சியையும் கடைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சின்ன எழுத்தில் சேர்த்திருந்தான். சார்ட் இன்னும் லேப் சுவரில்தான் இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் வரலாம்.